கேத்தலில் படியும் வெள்ளைக் கல்

  

நாங்கள் கூலிம் வட்டாரத்தில் உள்ள ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஆசிரியர்கள். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் புழங்கும் தண்ணீர். அதிலும் குறிப்பாகக் கடின நீர் என்பது என்ன, அதை வீட்டில் எப்படிப் பக்குவப்படுத்துவது என்பதைப் பற்றிச் சிந்திப்போம்.

இந்தப் பேச்சுக்குக் காரணமாக இருந்தவன் எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்த ஒரு மாணவன். பள்ளி விடுமுறைக்குப் பாலிங் பக்கம் வாழும் அத்தை வீட்டுக்குப் போனான். விடுமுறை முடிந்தும் ஒன்பது நாள் பள்ளிக்கு வரவில்லை. கடுமையான வயிற்றுப்போக்கு. மருத்துவமனையில் சேர்த்து, கையில் ஊசி குத்தி, நீர் ஏற்றித்தான் பிள்ளையைத் தேற்றினார்கள். அவனுடைய பாட்டியைப் பார்த்து விசாரித்தோம். பாட்டி சொன்னார்:

“வாத்தியாரே, எங்க மக வீட்டுக் கிணத்துத் தண்ணியைக் காய்ச்சினா கேத்தல்ல வெள்ளை வெள்ளையா கல்லு படியுது. தண்ணி மெஷின் விக்க வந்த தம்பி, ‘அக்கா, காய்ச்சினா இந்தத் தண்ணி கல்லா மாறுது, பிள்ளைங்க வயித்துலயும் இதே கல்லுதான் சேரும்’னு சொல்லிப்புட்டாராம். அன்னையிலேருந்து அவ தண்ணி காய்ச்சுறதையே விட்டுட்டா.”

நேயர்களே, கதை இவ்வளவுதான். அந்தத் தாய்க்குப் பிள்ளைகள் மேல் அக்கறை இல்லாமல் இல்லை. அக்கறையால்தான் காய்ச்சுவதை நிறுத்தினார். ஆனால் கேத்தலில் கண்ட கல்லுக்கு அஞ்சி, கண்ணுக்குத் தெரியாத கிருமியைப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டார். ஆகவே இந்த வெள்ளைக் கல் என்ன, அது எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

நம்மில் பலர் தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போயிருப்போம். குகைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால், மேலிருந்து விழுதுபோல் கற்கள் தொங்குவதைக் காணலாம். அந்த மலை சுண்ணாம்புக்கல் மலை. மழைநீர் விழும்போது காற்றிலிருந்தும், மண்ணுக்குள் இறங்கும்போது மண்ணிலிருந்தும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொள்கிறது. அதனால் அது மிக இலேசான புளிப்புத் தன்மை அடைகிறது. அந்த நீர் சுண்ணாம்புக்கல்லின் ஊடே போகும்போது கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு போகிறது. பின்னர் குகையின் கூரையில் சொட்டும்போது வாயு பிரிந்துவிட, கரைந்த கல் மீண்டும் படிகிறது. அப்படிப் பல்லாயிரம் ஆண்டுகள் சொட்டுச் சொட்டாகப் படிந்ததே அந்தத் தொங்கும் கல்.

பத்துமலையில் பல்லாயிரம் ஆண்டுகளாக நடப்பது நம் அடுப்பின்மேல் பத்து நிமிடத்தில் நடந்துவிடுகிறது. வெப்பம் பட்டவுடன் கரியமில வாயு பிரிந்து போகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு கேத்தலின் அடியில் படிகிறது. இரண்டும் ஒரே கல்தான். தண்ணீர் கல்லாக மாறவில்லை. தண்ணீரில் ஏற்கெனவே கரைந்து மறைந்திருந்த கல், வெளியே வந்து நம் கண்ணுக்குத் தெரிகிறது.

இங்கே ஒன்றை நன்றாக மனத்தில் வையுங்கள். கேத்தலில் படிந்த கல், நாம் குடிக்கும் தண்ணீரை விட்டுப் பிரிந்துபோன கல். காய்ச்சிய நீரில் அந்தக் கல் குறைவு. காய்ச்சாத நீரில்தான் அது முழுவதும் இருக்கிறது. ஆகவே கல்லுக்குப் பயந்து காய்ச்சுவதை நிறுத்தியவர், கல்லையும் குடித்தார், கிருமியையும் குடித்தார்.

சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியம் என்னும் மற்றொரு தாதுவும் அதிகமாகக் கரைந்துள்ள நீரையே கடின நீர் என்கிறோம். நம் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் இதை மலாய் மொழியில் ‘ஆயிர் லியாட்’ என்று படிக்கிறார்கள். ஒரு லிட்டர் நீரில் இந்தத் தாதுக்கள் எத்தனை மில்லிகிராம் சுண்ணாம்புக்கல்லுக்குச் சமமாக உள்ளன என்று அளந்து அதன் கடினத்தைச் சொல்வார்கள். 60 மில்லிகிராம் வரை இருந்தால் மென்னீர். 61 முதல் 120 வரை ஓரளவு கடினம். 121 முதல் 180 வரை கடினம். அதற்கு மேற்பட்டால் மிகக் கடினம். இது பரவலாக வழங்கும் ஒரு பகுப்பு.

எல்லா ஊர்த் தண்ணீரும் கடின நீராக இருப்பதில்லை. அது நிலத்தடியில் உள்ள பாறையைப் பொறுத்தது. நம் கெடா மாநிலத்தில் பாலிங் பட்டணத்தின் பக்கத்தில் நிற்கும் குனோங் பாலிங், அலோர் ஸ்டார் அருகே உள்ள குனோங் கெரியாங், வடக்கே கோடியாங் பகுதிக் குன்றுகள் ஆகியவை சுண்ணாம்புக்கல் மலைகள். பெர்லிஸ் மாநிலத்தில் சூப்பிங் பகுதியும், பேராவில் ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கும் அப்படியே. அந்தப் பக்கங்களில் கிணறு வெட்டினால் கடின நீர் கிடைப்பது இயல்பு.

ஆனால் நம் கூலிம் வட்டாரத்தின் அடியில் பெரும்பாலும் கருங்கல் பாறை. கருங்கல் எளிதில் கரையாது. ஆகவே இங்கே கிணற்று நீரும் ஆற்று நீரும் பெரும்பாலும் மென்னீராகவே இருக்கின்றன. இங்குள்ள கிணறுகளில் வேறொரு தொல்லை உண்டு. அது இரும்பு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம். பாலிங் தண்ணீரின் நோய் வேறு, கூலிம் தண்ணீரின் நோய் வேறு என்பதை மட்டும் இப்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து வாங்கலாகாது அல்லவா?

அடுத்ததாக, கடின நீரைக் குடித்தால் உடலுக்குக் கெடுதலா என்ற கேள்வி எழுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த நெறிகளில், உடல்நலத்தை முன்னிட்டுக் கடினத்துக்கு எந்த உச்சவரம்பையும் விதிக்கவில்லை. நம் நாட்டுச் சுகாதார அமைச்சு, குடிநீரில் கடினம் லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று வரையறுத்திருக்கிறது. சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் எலும்புக்கும் தசைக்கும் நமக்கு வேண்டிய சத்துகளே.

சிறுநீரகத்தில் கல் வருமே என்று கேட்பீர்கள். கேத்தலில் படியும் கல்லைப் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயற்கை. ஆனால் கடின நீரைக் குடிப்பதால் சிறுநீரகக் கல் உண்டாகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அதைவிடப் பெரிய காரணம், போதிய தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான். வெயிலில் பால் வெட்டுகிறவர்களும், செம்பனைக் குலை அறுக்கிறவர்களும் வியர்வையில் எவ்வளவோ நீரை இழக்கிறார்கள். வேலைக்காட்டுக்கு ஒரு சிறு போத்தல் மட்டும் எடுத்துப் போய், நண்பகல் வரைக்கும் அதையே வைத்துச் சமாளிப்பது சிறுநீரகத்துக்கு நல்லதன்று. காய்ச்சி ஆறவைத்த நீரை நிறைய எடுத்துப் போய் அடிக்கடி குடியுங்கள். ஏற்கெனவே கல் நோய் கண்டவர்கள் மருத்துவரின் ஆலோசனைப்படி நடந்துகொள்ள வேண்டும்.

சரி, உடலுக்குப் பெரிய கெடுதல் இல்லை என்றால் கடின நீரால் என்னதான் நட்டம்? நட்டம் வீட்டுச் செலவில் இருக்கிறது. கடின நீரில் சவர்க்காரம் நுரைக்காது. சவர்க்காரம் முதலில் சுண்ணாம்போடு சேர்ந்து வெண்மையான கசடாகத் திரிந்துவிடும். அந்தச் சுண்ணாம்பு முழுவதும் தீர்ந்த பிறகே நுரை வரும். கணக்குப் போட்டுப் பார்த்தோம். லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினம் உள்ள நீரில், 20 லிட்டர் வாளி ஒன்றுக்கு ஏறத்தாழ 24 கிராம் சவர்க்காரம் நுரைக்குமுன்பே வீணாகிறது. 100 கிராம் கட்டியில் இது ஏறக்குறைய கால்பங்கு! அந்தக் கசடு வெள்ளைப் பள்ளிச்சட்டையில் ஒட்டிக்கொண்டு அதைப் பழுப்பாக்குகிறது; தலைமுடியைச் சிக்காக்குகிறது. பருப்பும் கடலையும் சீக்கிரம் வேகாது. கேத்தலில் கல் தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் தடைபடும். எரிவாயுவும் மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும்.

இனி, நம் வீட்டுத் தண்ணீர் கடின நீரா இல்லையா என்று நாமே கண்டறிவது எப்படி? எங்கள் மாணவர்கள் வகுப்பில் செய்து பார்த்த முறையைச் சொல்கிறோம்.

நோய் தேறி வந்த மாணவன், அத்தை வீட்டுக் கிணற்று நீரை ஒரு போத்தலில் கொண்டுவரச் செய்தான். மற்றப் பிள்ளைகள் தோட்டத்துக் கிணற்று நீர், குழாய் நீர், மழைநீர் ஆகியவற்றைக் கொண்டுவந்தார்கள். மூடியுள்ள ஒரே அளவான நான்கு கண்ணாடிப் போத்தல்களில் பாதியளவு ஊற்றினோம். துணிச் சவர்க்காரக் கட்டியைச் சீவி, வெதுவெதுப்பான மழைநீரில் கரைத்து வைத்துக்கொண்டோம். இந்தக் கரைசலை ஒவ்வொரு போத்தலிலும் சொட்டுச் சொட்டாக விட்டு, மூடிக் குலுக்கி, நுரை நிலைத்து நிற்கும் வரையில் சொட்டுகளை எண்ணினோம். மழைநீருக்கு 4 சொட்டு போதுமானதாக இருந்தது. குழாய் நீரும் எங்கள் தோட்டத்துக் கிணற்று நீரும் அதைவிடச் சற்றே கூடுதலாகக் கேட்டன. பாலிங் கிணற்று நீரோ 30 சொட்டைத் தாண்டியும் நுரைக்காமல், தயிர் திரிந்ததுபோல் கலங்கியது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இந்தச் சோதனைக்குச் சவர்க்காரக் கட்டியைத்தான் பயன்படுத்த வேண்டும். பாத்திரம் கழுவும் திரவமும் சலவைத் தூளும் கடின நீரிலும் நுரைக்கும்படி செய்யப்பட்டவை. அவற்றை வைத்துச் சோதித்தால் உண்மை தெரியாது.

இன்னொரு சோதனையும் உண்டு. கேத்தலில் படிந்த வெள்ளைப் பொருளைச் சிறிது சுரண்டி, அதன்மேல் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விடுங்கள். பொங்கி நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல்.

இரும்பைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. கிணற்று நீரை வெள்ளை வாளியில் பிடித்து இரவு முழுவதும் வையுங்கள். இறைத்தபோது தெளிவாக இருந்த நீர் காலையில் செம்பழுப்பாக மாறி, அடியில் துருப்போன்ற மண்டி தங்கினால், அது பெரும்பாலும் இரும்பே. அந்த நீரில் தேநீர் போட்டால் நிறம் கறுத்து மை போலாகும். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அந்தக் கறுப்பு உண்டாகும். கடின நீரில் போட்ட தேநீர் அப்படிக் கறுக்காது. மேலே ஆடைபோல ஒரு படலம் மட்டுமே மிதக்கும்.

இனி, வீட்டில் செய்யக்கூடிய பக்குவங்களுக்கு வருவோம்.

முதலாவது, குடிநீர். எந்தத் தண்ணீரானாலும் கிணற்று நீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. நீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனால் கிருமிகள் மாளும். காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடிவைத்து ஆறவிடுங்கள். கல் அடியில் தங்கிவிடும். மேல்நீரை மெதுவாக வேறு பாத்திரத்தில் வடித்துக்கொள்ளுங்கள். கடினத்தை மேலும் குறைக்க விரும்பினால் ஐந்து பத்து நிமிடம் கொதிக்க விடலாம். ஆனால் குடிப்பதற்கு அது கட்டாயமில்லை.

காய்ச்சினால் போகிற கடினத்தைத் தற்காலிகக் கடினம் என்பார்கள். சில இடங்களில் சுண்ணாம்பும் மெக்னீசியமும் கந்தக உப்பாகவும் குளோரைடு உப்பாகவும் கரைந்திருக்கும். அது காய்ச்சினாலும் போகாது. அதற்கு நிரந்தரக் கடினம் என்று பெயர்.

இரண்டாவது, துணி துவைக்கும் நீர். இரண்டு வகைக் கடினத்துக்கும் சலவைச் சோடா மருந்தாகும். நடுத்தரமான கடின நீர் 20 லிட்டருக்கு, தண்ணீர் இல்லாத தூள் சோடா சுமார் 4 கிராம், அதாவது மட்டமாக ஒரு சிறு தேக்கரண்டி போதும். கலக்கிச் சற்றுநேரம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் இறங்கும். தெளிந்த நீரில் சவர்க்காரம் நன்றாக நுரைக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை! சலவைச் சோடா கலந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், பெயர் எழுதி வையுங்கள். சமையலுக்கான ஆப்பச் சோடா வேறு, சலவைச் சோடா வேறு.

மூன்றாவது, சமையல். பருப்பு வேகவில்லையா? முதல்நாள் காய்ச்சி ஆறவைத்து வடித்த நீரில் வேகவையுங்கள். அப்போதும் வேகாவிட்டால் ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை மட்டும் போடலாம். கூடுதலாகப் போட்டால் பருப்பில் உள்ள உயிர்ச்சத்து அழியும்.

நான்காவது, கேத்தல். வினிகரும் நீரும் சம அளவு கலந்து கொதிக்கவைத்து, அரைமணி நேரம் ஊறவிட்டுக் கழுவினால் கல் கழன்றுவிடும். மின்சாரக் கேத்தலாக இருந்தால் முளையைக் கழற்றிய பிறகே கழுவ வேண்டும். கழுவிய பின் ஒரு முறை வெறும் நீரைக் காய்ச்சிக் கொட்டிவிடுங்கள். கத்தியால் சுரண்ட வேண்டாம்.

ஐந்தாவது, மழைநீர். இயற்கை நமக்குத் தரும் மென்னீர் அது. நம் நாட்டில் மழைக்குப் பஞ்சமில்லை. துணி துவைக்கவும் தலைமுழுகவும் மழைநீர் மிக நல்லது. மழை தொடங்கியவுடன் கூரையிலிருந்து வரும் முதல் நீரைத் தள்ளிவிட்டு, பின்னால் வருவதைப் பிடியுங்கள். தொட்டியை இறுக மூடி, வாய்க்கு மெல்லிய வலை கட்டுங்கள். திறந்த தொட்டியில் ஏடிஸ் கொசு முட்டையிடும். தண்ணீரைச் சேமிக்கப் போய் டெங்கிக் காய்ச்சலைச் சேமிக்கக் கூடாது.

பாட்டி ஒருவர் எங்களைக் கேட்டார்: “வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பைத் தண்ணில போட்டாத் தெளியுமாமே?” நல்ல கேள்வி. 1841ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டில் அபர்தீன் நகரத்துப் பேராசிரியர் தாமஸ் கிளார்க் என்பவர், நீரிலுள்ள சுண்ணாம்பை நீற்றிய சுண்ணாம்பைக் கொண்டே பிரித்தெடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். முள்ளை முள்ளால் எடுப்பது போன்ற முறை அது. பெரிய நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் இன்றும் அது பயன்படுகிறது. ஆனால் அங்கே நீரைச் சோதித்து, அளந்து போடுகிறார்கள். வீட்டில் கைக்கணக்காகப் போட்டால் நீர் காரமாகிவிடும். குடிநீரில் அதைச் செய்ய வேண்டாம். அதேபோல் படிகாரம் கலங்கல் நீரைத் தெளியவைக்குமே தவிர, கடினத்தைப் போக்காது. கிருமியைக் கொல்வதற்கும் அதை நம்பக் கூடாது.

இனி நம் கூலிம் பக்கத்து இரும்பு நீருக்கு வருவோம். நம் நாட்டுத் தர வரையறை, குடிநீரில் இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது. இரும்பு நீர் துணியில் கறை படியவைக்கும். நாக்கில் இரும்பின் சுவை தட்டும். இதற்கு மருந்து காற்று. நீரை ஒரு வாளியிலிருந்து மற்றொரு வாளிக்கு உயரத்திலிருந்து, தேநீர் ஆற்றுவதுபோல், பலமுறை ஊற்றுங்கள். காற்று கலந்தால் கரைந்திருந்த இரும்பு துருவாக மாறும். இரவு முழுவதும் தெளியவிட்டுப் பின்னர் மணல் வடிகட்டியில் வடிக்கலாம். அடியில் துளையிட்ட வாளியில் கீழே கூழாங்கல், அதன்மேல் பருமணல், அதன்மேல் நன்கு கழுவிய நுண்மணல் போட்டால் வடிகட்டி தயார். மேல்மணலில் துரு சேர்ந்ததும் அலசிப் போட வேண்டும். மணலில் வடிந்த நீர் தெளிவாகத் தோன்றினாலும் அதில் கிருமி இருக்கலாம். ஆகவே வடித்த பிறகு காய்ச்சுவது கட்டாயம்.

நேயர்களே, தண்ணீர் இயந்திரம் விற்க வந்தவரைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். அத்தை வீட்டில் அவர் ஒரு வித்தை காட்டினாராம். இரண்டு கண்ணாடிக் குவளை. ஒன்றில் கிணற்று நீர். மற்றதில் தம் இயந்திரத்திலிருந்து வந்த நீர். இரண்டிலும் கம்பிகள் பொருத்திய ஒரு கருவியை விட்டு மின்சாரத்தைச் செலுத்தியிருக்கிறார். கிணற்று நீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாகிச் சேறுபோல் பொங்கியது. மற்றது தெளிவாக இருந்தது. “பாருங்க அக்கா, இவ்வளவு அழுக்கையும் பிள்ளைங்க குடிக்குது” என்றாராம். பயந்துபோன அத்தை, மாதம் 80 ரிங்கிட் வீதம் 36 மாதம் கட்டுவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். மொத்தம் 2880 ரிங்கிட்! இயந்திரம் இரண்டு வாரம் கழித்து வருமாம். அந்த இரண்டு வாரத்தில்தான் பிள்ளை காய்ச்சாத நீரைக் குடித்தான்.

அந்தச் சேறு எங்கிருந்து வந்தது? வகுப்பில் செய்து பார்த்தோம். 9 வோல்ட் மின்கலம் ஒன்று, இரண்டு இரும்பு ஆணிகள், உப்பு ஒரு சிட்டிகை போட்ட காய்ச்சிய நீர். சிறிது நேரத்தில் நீர் பழுப்பாகிச் சேறு படிந்தது. பின்னர் அதே நீரை வேறு குவளையில் ஊற்றி, ஆணிகளுக்குப் பதில் பென்சிலின் கரிக்குச்சிகளை வைத்தோம். குமிழி வந்தது, துருநிறம் வரவில்லை. ஆகவே சேறு தண்ணீரின் அழுக்கு அன்று. மின்சாரத்தால் கரைந்த இரும்புக் கம்பியின் துரு! தாது குறைந்த நீரில் மின்சாரம் எளிதில் பாயாது. அதனால்தான் இயந்திரத்து நீர் தெளிவாகவே இருந்தது. மாணவர்களே, வீட்டு மின்சாரத்தில் இதை ஒருபோதும் செய்து பார்க்காதீர்கள், உயிருக்கு ஆபத்து. ஆசிரியர் முன்னிலையில் சிறு மின்கலத்தைக் கொண்டு மட்டுமே செய்ய வேண்டும்.

எல்லா இயந்திரமும் ஏமாற்று என்று நாங்கள் சொல்லவில்லை. நீரை மென்மையாக்கும் இயந்திரத்தில் சிறுசிறு மணிகள் இருக்கும். அவை சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் களைத்துப்போனால் உப்பு நீரால் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் கடினத்தைப் போக்கினால் 46 மில்லிகிராம் சோடியம் நீரில் சேரும். இரத்த அழுத்தம் உள்ளவர்களும், குழந்தைக்குப் பால்மாவு கரைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அந்த இயந்திரம் கிருமியைக் கொல்வதில்லை. மென்சவ்வு வழியாக நீரைப் பிழியும் இயந்திரம் பெரும்பாலான தாதுக்களை நீக்கும். ஆனால் ஒரு பங்கு நீரைக் கழிவாக வெளியேற்றும். சவ்வைக் காலாகாலத்தில் மாற்றாவிட்டால் பயனில்லை. கூலிமில் மென்னீர் உள்ள வீட்டில், கடினத்தைப் போக்கும் இயந்திரத்தைக் கடனுக்கு வாங்குவது, தலைவலி இல்லாதவன் தைலம் வாங்குவது போன்றதே.

ஆகவே முதலில் சோதனை, பிறகு செலவு. மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கிணற்று நீரைச் சோதிப்பது பற்றிக் கேட்கலாம். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு பற்றிய 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், வீடுகளுக்குப் போதிய குழாய் நீரை இலவசமாகத் தரும் கடமையை முதலாளியின்மேல் வைக்கிறது. உங்கள் லயத்துக்குத் தோட்டத்துக் கிணற்றிலிருந்துதான் நீர் வருகிறது என்றால், அது எப்போது சோதிக்கப்பட்டது என்று நிர்வாகத்திடம் கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு. நான்கு குடும்பம் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். வீடு தேடி வந்து விற்றவரிடம் அவசரத்தில் ஒப்பந்தம் செய்துவிட்டால், 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டப்படி 10 வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் அதை இரத்துச் செய்யலாம். ஒப்பந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளிடமும் ஆலோசனை கேட்கலாம்.

அத்தைக்கு அந்தப் பத்து நாள் அவகாசம் தெரியாமலே கடந்துவிட்டது. பணம் இன்னும் கட்டி வருகிறார். அது போகட்டும். பிள்ளை பிழைத்தான், அதுவே பெரிது. இப்போது அவர் வீட்டில் கேத்தல் மீண்டும் அடுப்பில் ஏறிவிட்டது. கல் படியும்போது எடுத்துக் கழுவுகிறார். எங்கள் மாணவனோ, விடுமுறைக்குப் போகும்போதெல்லாம், “அத்தை, கல்லு கேத்தல்ல இருந்தா நம்ம வயித்துல இல்ல” என்று சொல்லிச் சிரிக்கிறானாம்.

தாய்மார்களே, இன்று பேசியதில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும், அந்தச் சிறுவன் சொன்ன ஒரு வாக்கியம் நிற்கட்டும். சவர்க்காரம் நுரைக்காவிட்டால் சலவைச் சோடா. தண்ணீர் சிவந்தால் காற்றும் மணலும். கேத்தலில் கல் படிந்தால் எலுமிச்சையும் வினிகரும். ஆனால் கிருமிக்கு மருந்து கொதிநீர் ஒன்றே. யார் வந்து என்ன சொன்னாலும், பிள்ளைகளுக்குக் கொடுக்கும் நீரைக் காய்ச்சுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.